மெலியச் சொன்னார்கள்

சர்க்கரை வந்திருக்கிறது என்று டாக்டரம்மா சொன்னபோது தராசு சிரித்தான். மரியாதைக்குப் பல்லைக் காட்டுகிற சிரிப்பு இல்லை. வேலையில் பதவி உயர்வு கிடைத்தவன், அதைப் பெரிதாகக் காட்டிக்கொள்ளக் கூடாது என்று அடக்கப் பார்த்து, அடங்காமல் ஓரமாக வழிகிற சிரிப்பு.

"எதுக்கு ஐயா சிரிக்கிறீங்க?"

"ஒண்ணுமில்ல டாக்டரம்மா. மேல சொல்லுங்க."

"கொழுப்பும் கூடியிருக்கு. ஈரல்ல கொஞ்சம் படிஞ்சிருக்கு. ரத்த அழுத்தம் எல்லைக்கோட்டுல நிக்குது."

"ஆகா," என்றான். வாய் தவறி வந்துவிட்டது.

அந்தச் சின்னப் பெண்ணுக்கு அவன் சிரிப்பு புரிய நியாயமில்லை. எச்.ஐ.வி. சிகிச்சை மையத்துக்கு அவள் வந்தே ஒரு வருடம்கூட ஆகவில்லை. பதினெட்டு வருடத்துக்கு முன்னால் இதே கட்டடத்தில், இதே மாதிரி பச்சைத் திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த வேறொரு டாக்டர், அவன் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு, "செய்ய வேண்டிய ஏற்பாடெல்லாம் செஞ்சுக்கோங்க" என்று சொன்னார். அவனும் சொல்பேச்சு கேட்கிறவன்தான். செய்துகொண்டான். நல்ல சட்டைகளைத் தம்பிக்குக் கொடுத்தான். சைக்கிளையும் தம்பிக்கே கொடுத்தான். பிறகு மாத்திரை வந்தது, பிழைத்துக்கொண்டான். செத்துப்போவதற்காகக் கொடுத்த சைக்கிளை, 'மன்னிச்சுக்கோ, சாகலை, திருப்பிக் கொடு' என்று எந்த முகத்தோடு கேட்பது? தம்பியும் கொடுக்கவில்லை. அண்ணன் எப்போது வேண்டுமானாலும் பழைய ஏற்பாட்டுக்குத் திரும்பிவிடலாம் என்று நினைத்தானோ என்னவோ.

அப்படிப்பட்டவனுக்குச் சர்க்கரை! சர்க்கரை என்பது இருந்து வாழ்கிறவர்களுக்கு வருகிற வியாதி. அவனுடைய பெரியப்பாவுக்கு இருந்தது. பேரன் பேத்தி எடுத்தவர்களுக்கு இருந்தது. அந்தக் கூட்டத்தில் தன்னையும் சேர்த்துக்கொண்டார்களே என்று அவனுக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது.

டாக்டரம்மா விடவில்லை. "இத்தனை வருஷமா மாத்திரை சாப்பிடறவங்க நிறைய பேருக்கு இது வருதுங்கையா. கிருமி அடங்கிக் கிடக்கு. ரத்தத்துல தேடினாலும் கிடைக்கல. அதுல உங்களுக்கு நூத்துக்கு நூறு. ஆனா பழைய மாத்திரைங்க உடம்புக் கொழுப்பை இடம் மாத்தி வெச்சிட்டுப் போயிடுச்சு. இப்ப சாப்பிடற புது மாத்திரையில சிலருக்கு எடை ஏறுது. அதோட வயசு, சாப்பாடு, உட்கார்ந்தே பார்க்கிற வேலை. எல்லாம் சேர்ந்து இதயத்துல போய் நிக்கும். எண்பத்து நாலு இருக்கீங்க. பத்து கிலோ குறைக்கணும்."

"பத்து கிலோவா? எங்க மெஷினுக்குப் பத்து கிலோவுக்குக் கீழ கண்ணே தெரியாது டாக்டரம்மா."

"எனக்குத் தெரியும். மூணு மாசம் கழிச்சு வாங்க."

தராசு என்பது லாரிக்காரர்கள் வைத்த பெயர். ஊருக்கு வெளியே, கிடங்குகள் வரிசையாக நிற்கிற சாலையில், லாரி எடை போடுகிற மேடையில் அவனுக்கு வேலை. சரக்கோடு லாரி ஏறும்; கண்ணாடி அறைக்குள் சிவப்பு எண் விழும். சரக்கை இறக்கிவிட்டுக் காலியாக ஏறும். இன்னொரு எண் விழும். முன்னதில் பின்னதைக் கழித்தால் சரக்கின் எடை. இவ்வளவுதான் வேலை. ஆனால் சரக்கோடு ஏறும்போது தண்ணீர் டிரம்மை நிரப்பிக்கொண்டு வருகிறவன் உண்டு, சீட்டுக்கு அடியில் ரெண்டு ஆளைப் படுக்கவைத்துக்கொண்டு வருகிறவன் உண்டு. தராசு ஜன்னலிலிருந்து தலையை நீட்டி, "கீழ தூங்கறவங்களையும் இறங்கச் சொல்லுங்க, பாவம், கழுத்து பிடிச்சுக்கும்" என்பான்.

அவனுடைய எடை எல்லாம் வயிற்றில்தான் இருந்தது. வயிறு முதலில் வரும், அரை நொடி கழித்து அவன் வருவான். கையும் காலும் யாரிடமோ இரவல் வாங்கி மாட்டிய மாதிரி குச்சிகள். பின்கழுத்துக்குக் கீழே சின்னதாக ஒரு மேடு வேறு. "ரெண்டு தீக்குச்சியில குத்தி நிறுத்தின உருளைக்கிழங்கு" என்று அவனே சொல்லிக்கொள்வான். அடுத்தவன் சொல்வதற்குள் நாமே சொல்லிவிட்டால் வலி பாதியாகிவிடும் என்பது அவன் கணக்கு.

ஆனால் அந்தத் தொப்பை அவனுக்கு வெறும் தொப்பை இல்லை. முன்பு வேலை பார்த்த ஊரில் அவன் கன்னம் ஒட்டிப்போனபோதே ஜாடைப் பேச்சு கிளம்பிவிட்டது. அவன் குடித்த டம்ளரை யாரோ தனியாக எடுத்து வைத்தார்கள். அந்த வியாதிக்காரன் எலும்பும் தோலுமாகத்தான் இருப்பான் என்று உலகம் முடிவுகட்டி வைத்திருந்தது. தொப்பைக்காரனை யார் சந்தேகப்படுவார்கள்? இங்கே, மீசை என்று எல்லாரும் கூப்பிடுகிற லாரி டிரைவர் தினமும் அந்த வயிற்றைத் தட்டி, "என்னண்ணே, எத்தனாவது மாசம்?" என்று கேட்பான். தராசுக்கு அதைக் கேட்டால்தான் பொழுதே விடியும்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னான். அவள் தக்காளி நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"பத்து கிலோ குறைக்கச் சொல்லியிருக்காங்க."

கத்தி நின்றது. "யாரு?"

"டாக்டரம்மா."

"அந்தப் பொடிசா?" அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டாள். "அவ அப்ப எங்க இருந்தா? பள்ளிக்கூடத்துல வாய்ப்பாடு சொல்லிட்டு இருந்திருப்பா. அவளுக்கு உங்களைப் பத்தி என்ன தெரியும்? குடைக்கம்பி மாதிரி கிடந்தீங்க."

"சர்க்கரை வந்திருக்காம்."

"வந்தா? அதுக்கு மாத்திரை இருக்குல்ல? இத்தனை மாத்திரையோட அதுவும் ஒண்ணு. அதுக்கு எதுக்கு மெலியணும்?"

"மாரடைப்பு வரும்ங்கறாங்க."

அவள் கத்தியை மறுபடி எடுத்தாள். பிறகு, "சரி" என்றாள்.

அவளிடம் ரெண்டு வகைச் 'சரி' உண்டு. இழுத்துச் சொன்னால் சம்மதம். நறுக்கென்று சொன்னால், பேச்சு முடிந்தது, நான் என் வேலையைப் பார்க்கிறேன் என்று அர்த்தம். இது நறுக்கு. தராசு கவனித்தான், கவனித்துவிட்டு, பசியில் மறந்துவிட்டான்.

அவர்கள் ரெண்டு பேரும் பழகியதே அந்த மையத்து பெஞ்சில்தான். கல்யாணத்துக்கு வந்தவர்கள் ஆறு பேர். ஆறு பேருமே பெஞ்சுக்காரர்கள். அதில் நாலு பேர் போய்ச் சேர்ந்தாயிற்று. ஒரே காலத்தில் ஒரே மாத்திரையைத்தான் ரெண்டு பேரும் விழுங்கினார்கள். அது அவனுக்கு வயிற்றில் கொண்டுவந்து கொட்டியது. அவளிடமிருந்து எடுத்துக்கொண்டு போனது. அவளுடைய கன்னங்கள் உள்ளே போய்விட்டன. கை நரம்புகள் கயிறாகப் புடைத்துக்கொண்டன. ஓட்டல்களின் படுக்கை விரிப்புகளைத் துவைத்துத் தேய்க்கிற சலவைக் கூடத்தில் அவளுக்கு வேலை. இஸ்திரி போட்டுப் போட்டுக் கை இப்படி ஆகிவிட்டது என்று கூட வேலை பார்ப்பவர்கள் நம்பினார்கள். அவளும் நம்ப விட்டாள். அந்த மாத்திரையை எப்போதோ எல்லாருக்குமே நிறுத்திவிட்டார்கள். போன கன்னம் மட்டும் திரும்பி வரவில்லை. போட்டோ எடுக்கிற நேரத்தில் வாய்க்குள் காற்றை நிரப்பிக்கொண்டு நிற்பாள். "ஊதினது போதும், பலூனை விடு" என்பான் தராசு. அவள் சிரித்துவிடுவாள், போட்டோ பாழாகும்.

வேளைக்கு மூன்று முட்டை தின்று பார்த்திருக்கிறாள். கன்னத்தில் ஒரு சொட்டு ஒட்டவில்லை. அவன் உடம்பில்தான் ஒட்டியது. எனவே அந்த வீட்டில் சதை என்று இருந்தது அவன் வயிறு ஒன்றுதான்; அதை அவள் தன்னுடையதாகவும் சேர்த்தே நினைத்து வந்தாள்.

மறுநாள் முதல் தராசு நடக்க ஆரம்பித்தான். ரெண்டு லாரிக்கு நடுவே இடைவெளி கிடைத்தால் கண்ணாடி அறையைப் பூட்டிவிட்டு எடைமேடையைச் சுற்றுவான். உட்கார்ந்தால் இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்திருக்கிற ஒவ்வொரு நிமிடமும் ஈரலில் யாரோ கரண்டியால் கொழுப்பு பூசுகிற மாதிரி இருந்தது. எழுந்து நடந்தால் லாரி வந்து ஹாரன் அடித்தது. ஓடிவந்து சீட்டுக் கொடுத்துவிட்டு மறுபடி சுற்றினான்.

"என்னண்ணே, சாவியைத் தொலைச்சிட்டீங்களா?" என்றான் மீசை.

"தொப்பையைத் தொலைக்கிறேன்."

"ஐயோ, அதைத் தொலைச்சிட்டா உங்களை எப்படிண்ணே அடையாளம் கண்டுபிடிக்கிறது?"

சொன்னவன் விளையாட்டாகத்தான் சொன்னான். தராசுக்குச் சுருக்கென்றது. மெலிந்து போனால் இவனே ஒருநாள் கன்னத்தைப் பார்த்துக் கேட்பானோ? சரி, இதயம் நின்றுபோன பிறகு அடையாளம் தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று இன்னும் ரெண்டு சுற்று சுற்றினான்.

டீயில் சர்க்கரையை நிறுத்தினான். பொரித்ததை நிறுத்தினான். காலையில் ஓட்ஸ் கஞ்சி, மதியத்துக்குக் காய்கறி சூப், ராத்திரிக்கும் சூப். ஆச்சரியம் என்னவென்றால், எல்லாமே ருசியாக இருந்தது. தண்ணீரும் தவிடுமாக இருக்கும் என்று பயந்துகொண்டு வாயில் வைத்தவன், பாத்திரத்தை வழித்து நக்கினான்.

"டயட் சாப்பாடு இவ்வளவு ருசியா இருக்கும்னு தெரியாமப் போச்சே! என்ன போடற இதுல?"

"காய்தான்," என்றாள் மனைவி, அடுப்பைத் துடைத்துக்கொண்டே.

"வெறும் காயா?"

"வெறும் காய்தான். பொறுமையா வேக வெச்சா அப்படித்தான் இருக்கும்."

மீசைக்குக்கூட ஒரு வாய் கொடுத்தான். மீசை கண்ணை மூடிக்கொண்டு, "அண்ணே, இதைச் சாப்பிட்டா நானும் மெலியறேன்" என்றான்.

வீட்டில் எடை பார்க்கிற மெஷின் கிடையாது. நாள் முழுக்க ஊர் எடையைப் பார்க்கிறவனுக்கு அது எதற்கு? யாரும் இல்லாத நேரத்தில் லாரி ஏறுகிற மேடையின் நடுவில் போய் நின்று, ஜன்னல் வழியாகச் சிவப்பு எண்ணை எட்டிப் பார்ப்பான். அந்த மெஷினுக்குப் பத்துப் பத்தாகத்தான் எண்ணத் தெரியும். முதல் மாதம் எண்பது என்றது. எண்பத்து நாலையும் அது எண்பது என்றுதான் சொல்லும், எழுபத்தாறையும் எண்பது என்றுதான் சொல்லும். தராசு எழுபத்தாறு என்று எடுத்துக்கொண்டான்.

ரெண்டாம் மாதம் ஒருநாள் ஏறி நின்றான். தொண்ணூறு.

இறங்கினான். காலில் கல் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தான். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினான். தொண்ணூறு. எண்பத்தைந்தைத் தாண்டினால் அது தொண்ணூறு என்று குதிக்கும் என்பது அவனுக்குத் தெரியும். எத்தனை டிரைவர்களுக்கு அதைச் சொல்லிச் சமாதானப்படுத்தியிருக்கிறான். ஆனாலும் இனிப்பு இல்லை, எண்ணெய் இல்லை, செருப்புத் தேயச் சுற்றியாயிற்று. அப்படியும் ஏறுகிறது என்றால் எங்கிருந்து வருகிறது?

அன்று முதல் ஃபோனை எடுத்துக்கொண்டு தேட ஆரம்பித்தான். புது மாத்திரையில் சிலருக்கு எடை கூடும் என்று டாக்டரம்மா சொன்னது அங்கேயும் இருந்தது. அதற்குக் கீழே யார் யாரோ என்னென்னவோ எழுதியிருந்தார்கள். நான் நிறுத்தினேன், சிக்கென்று ஆகிவிட்டேன் என்றான் ஒருவன். அவன் அதற்குப் பிறகு எதுவும் எழுதவில்லை என்பதையும் தராசு கவனித்தான். கவனித்தும் மறுபடி மறுபடி அதையே படித்தான்.

சாப்பிட்டு முடித்ததும் மாத்திரையை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொள்வது வழக்கம். இப்போதெல்லாம் அது அங்கேயே இருந்தது.

"என்ன, மாத்திரையோட பேச்சுவார்த்தையா?" என்றாள் மனைவி.

"நீதான் காரணம்னு சொல்லிட்டிருக்கேன்."

அவள் கையிலிருந்த தட்டு நழுவப் பார்த்தது. "நானா?"

"உன்னை இல்ல. மாத்திரையை."

"அதைத் திட்டாதீங்க. அது உசுரு." மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு போனாள்.

ஒருநாள் மாத்திரையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு தெருமுனை வரை நடந்தான். திரும்பி வந்தான். மறுபடி போனான். பையில் அது இருப்பது கனமாகவே இல்லை. அதுதான் பயமாக இருந்தது. அங்கேயே சாக்கடைக்குள் விட்டெறிந்தால் ஒரு சத்தம்கூடக் கேட்காது. கடைசியில் குழாயடியில் குனிந்து, தண்ணீரைக் கையில் பிடித்து விழுங்கினான். இன்றைக்கு விழுங்கியாயிற்று. நாளைக்கு விழுங்குவானா என்று அவனுக்கே தெரியவில்லை.

மூன்று மாதம் முடிந்து மையத்துக்குப் போனபோது மனைவியும் வந்தாள். அவளுக்கும் ரத்தப் பரிசோதனை முடிவு வர வேண்டியிருந்தது. ரெண்டு பேரையும் ஒன்றாகவே உள்ளே கூப்பிட்டார்கள்.

டாக்டரம்மா அவனை மெஷினில் ஏறச் சொன்னாள். எண்பத்தேழு. அவள் மெஷினைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், காகிதத்தைப் பார்த்தாள். "சர்க்கரையும் ஏறியிருக்கு. ஐயா, உண்மையைச் சொல்லுங்க. என்ன சாப்பிடறீங்க?"

"சூப் டாக்டரம்மா. சத்தியமா சூப். இவகிட்ட கேளுங்க."

மனைவி மேஜைமேல் இருந்த பேப்பர் வெயிட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நடக்கறீங்களா?"

"லாரிக்காரங்க என்னைப் பார்த்துட்டு அது ரவுண்டானான்னு நினைச்சுக்கறாங்க." சிரிப்பு காட்டப் பார்த்தான், வரவில்லை. "மாத்திரைதான் டாக்டரம்மா காரணம். வேற ஒண்ணுமே இல்ல. அதை நிறுத்திடட்டுமா? கொஞ்ச நாளைக்கு? பதினெட்டு வருஷம் சாப்பிட்டாச்சு, ஒரு மாசம் விட்டா என்ன ஆயிடும்?"

"அந்தப் பேச்சே கூடாது." டாக்டரம்மா பேனாவை மேஜையில் தட்டினாள். "நிறுத்தினா, தூங்கற கிருமியைத் தட்டி எழுப்பற மாதிரி. என்ன சாப்பாடு, என்ன நடைன்னு எல்லாம் சரியா செஞ்சும் இப்படி ஏறுதுன்னா, வேணும்னா மாத்திரையை மாத்திப் பார்க்கலாம். வேற ஒரு வகை இருக்கு..."

"மாத்த வேண்டாம்!"

மனைவி எழுந்து நின்றுவிட்டாள்.

டாக்டரம்மாவுக்கு அதுவும் புரிய நியாயமில்லை. அந்தக் காலத்து பெஞ்சில் 'அவருக்கு மாத்திரை மாத்தியாச்சாம்' என்பதைக் குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார்கள். பிற்பாடு எல்லாருக்கும் ஒன்றாக மாற்றினது வேறு; அப்போது தனியாக ஒருவருக்கு, முதல் மாத்திரை தோற்றால்தான் மாற்றுவார்கள். மாற்றினவர்கள் அடுத்த மாதமும் வருவார்கள், அதற்கடுத்த மாதமும் வரலாம். பிறகு பெஞ்சில் அந்த இடம் காலியாக இருக்கும். கொஞ்ச நேரம் யாரும் அதில் உட்கார மாட்டார்கள்.

"மாத்திரை மேல தப்பு இல்ல டாக்டர். நான்தான்." அவள் புடவைத் தலைப்பைப் பிசைந்தாள். "வெண்ணெய் போட்டேன்."

"எதுல?"

"எல்லாத்துலயும். கஞ்சியை ஏடு கட்டின பால்லதான் காய்ச்சினேன். சூப்புல வெண்ணெயும், வேர்க்கடலையை அரைச்சும் போட்டேன். வேளைக்கு ஒரு குழிக்கரண்டி." கொஞ்சம் யோசித்தாள். "ஞாயித்துக்கிழமை ரெண்டு."

தராசு விரலை மடக்கி, மூன்று மாதத்து ஞாயிற்றுக்கிழமைகளை எண்ணினான்.

டாக்டரம்மா மெதுவாகக் கேட்டாள்: "அம்மா, அதே சூப்பை நீங்களும் சாப்பிட்டீங்களா?"

"தனியா எங்க வைக்கிறது? அதையேதான்."

"உங்க ரிப்போர்ட் பாருங்க. கொழுப்பு அவரைவிட உங்களுக்கு அதிகம்."

"எனக்கா?" மனைவி தன் கன்னத்தைத் தொட்டுக் காட்டினாள். "என்னைப் பாருங்க. என்கிட்ட கொழுப்பு எங்க இருக்கு?"

"வெளிய இல்லம்மா. ரத்தத்துல இருக்கு. பழைய மாத்திரை சாப்பிட்டவங்களுக்கு இப்படி ஆகும். தங்க வேண்டிய இடத்துல தங்காம, ஓட வேண்டிய இடத்துல சேர்ந்துடும்."

மனைவி உட்கார்ந்தாள். தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், அந்த நரம்புகளுக்குள் தன் வெண்ணெய் ஓடுவது தெரியும் என்கிற மாதிரி.

வெளியே வந்ததும் தராசு விறுவிறுவென்று நடந்தான். பஸ் நிறுத்தத்தைத் தாண்டிப் போனான். அவள் பின்னாலேயே வந்தாள்.

"மெதுவாப் போங்க."

"எதுக்கு? நடந்தா நல்லதாம். ஒரு குழிக்கரண்டியாவது கரையட்டும்."

"கோபம்னா திட்டுங்க. ஓடாதீங்க."

நின்றான். திரும்பினான். "மூணு மாசம்! செக்கு மாடு மாதிரி சுத்தினேன். ருசியா இருக்குன்னு ஊர் பூரா சொன்னேன். ஒரு லாரி டிரைவர்கிட்ட உன் சமையலைப் பத்திப் பெருமை அடிச்சேன்! அதெல்லாம் போகட்டும். மாத்திரை மேலதான் தப்புன்னு நினைச்சேன். ஒருநாள் அதைப் பையில போட்டுக்கிட்டுத் தூக்கிப் போடறதுக்குத் தெருமுனை வரைக்கும் போனேன், தெரியுமா உனக்கு? இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தா போட்டிருப்பேன்."

அவள் முகத்தில் மிச்சம் இருந்த ரத்தமும் போயிற்று. மூடியிருந்த ஒரு கடையின் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

தராசுக்குக் கோபத்தைத் தொடர்ந்து நடத்தத் தெரியாது. ஒரு மூச்சுக்கு மேல் சரக்கு இருக்காது. அவள் பக்கத்தில் போய் நின்றான். உட்காரலாமா வேண்டாமா என்று காலை மாற்றி மாற்றி வைத்தான்.

"கல்யாணம் ஆன வருஷம் உங்களுக்கு நுரையீரல்ல காசம் வந்துச்சே," என்றாள் அவள், தெருவைப் பார்த்துக்கொண்டு. "அப்ப உங்களை நான் ஒரு கையால தூக்குவேன். இன்னொரு கையால விரிப்பை மாத்துவேன். அவ்வளவுதான் இருந்தீங்க. உங்க இடுப்பெலும்பு இங்க குத்தும்." முழங்கைக்குக் கீழே தொட்டுக் காட்டினாள். "இப்ப என்னால உங்களை அசைக்கவே முடியாது. தூக்கத்துல உருண்டு வந்து என் கை மேல விழறீங்க. கை மரத்துப் போகுது. நான் எடுக்கறதே இல்ல. இருக்கட்டும்னு விட்டுடுவேன். அந்த கனம் இருந்தாத்தான் எனக்குத் தூக்கம் வரும்."

தராசு படியில் உட்கார்ந்தான்.

"குறைங்கன்னா... எதோட நிக்கும்? அப்பவும் கொஞ்சம் கொஞ்சமாத்தான் குறைஞ்சீங்க."

"எழுபத்தி நாலோட நிறுத்திடறேன். பிரேக் இருக்கு."

"லாரிக்கு இருக்கு. உங்களுக்கு இருக்கா?"

"உனக்குந்தான் இப்ப கொழுப்பு" என்றான். "பொம்பளைக்கு இவ்வளவு கொழுப்பு ஆகாதுன்னு அன்னைக்கே நினைச்சேன்."

அவள் அவன் தொடையில் ஓங்கி ஒன்று வைத்தாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, "நானும் கூட நடக்கறேன்" என்றாள். "எவ்வளவு குறையுதுன்னு என் கண் முன்னால குறையட்டும். எனக்குத் தெரியாம ஒரு கிலோ போகக் கூடாது."

அதன்பிறகு சூப்பில் காய் மட்டும்தான் இருந்தது. வாயில் வைத்தால் மழைத்தண்ணீர். ரெண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து, முகத்தைச் சுளிக்காமல் குடிக்கப் பழகினார்கள். காலையில் அவள் வேலைக்குக் கிளம்புவதற்கு முன்னால் ஒன்றாக நடந்தார்கள். நடக்கும்போதே அவன் கழுத்தில் கைவைத்துச் சூடு பார்ப்பாள். இருமினால் நின்றுவிடுவாள். "தூசிம்மா, தூசி" என்பான். "தூசின்னா ஒருதரம்தான் இருமணும்" என்பாள். அவன் அடுத்த இருமலை அடக்கிக்கொண்டு கண்ணில் நீர் வர நடப்பான்.

எடை குறைய ஆரம்பித்தது. வயிறு கொஞ்சம்தான் இறங்கியது. அவனுக்கு இருந்த கொஞ்சக் கன்னத்திலும் இறங்கியது. ஒருநாள் லாரியைச் சுற்றிப் பார்க்க இறங்கியவனுக்கு, கால்சட்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டியிருந்தது. மீசை வண்டியிலிருந்து குதித்தவன், வயிற்றைத் தட்ட நீட்டின கையை அப்படியே நிறுத்தினான்.

"என்னண்ணே இப்படி மெலிஞ்சிட்டீங்க? உடம்புக்கு என்ன?"

கேட்டேவிட்டான். டம்ளர் தனியாக எடுத்து வைக்கப்படுகிற சத்தம் தராசுக்கு எங்கேயோ கேட்டது.

"சர்க்கரைப்பா," என்றான். சொன்ன பிறகுதான், உடம்புக்கு என்ன என்று ஒருவன் கேட்டதற்குத் தான் வாய்விட்டு ஒரு வியாதியின் பெயரைச் சொன்னது பதினெட்டு வருடத்தில் இதுதான் முதல் தடவை என்று உறைத்தது. அதனால் இன்னொரு தடவையும் சொன்னான். "சர்க்கரை வந்திடுச்சு. டாக்டர் குறைக்கச் சொல்லிட்டாங்க."

"அட, எங்கப்பாவுக்கும் அதுதாண்ணே!" மீசை தோளில் கை போட்டான். பாகற்காயிலிருந்து ஆரம்பித்து, எதைத் தின்னலாம் எதைத் தின்னக் கூடாது என்று நிறுத்தாமல் சொன்னான். பின்னால் மூன்று லாரிகள் ஹாரன் அடித்தன. தராசு ஒன்று விடாமல் கேட்டுக்கொண்டான். அரைக்கால் பங்கு பொய். பாக்கி எதுவும் உண்மையில்லை. இருந்தாலும் கேட்கச் சுகமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து பெல்ட்டைக் கழற்றி மனைவியிடம் நீட்டினான். கடைசி ஓட்டையும் லூசாகிவிட்டது. அவள் அதைக் கையில் வாங்கவே இல்லை. சமையலறைக்குப் போனாள், வந்தாள். ஜன்னலைத் திறந்தாள், மூடினாள். பிறகு ஒரு ஆணியை இடுக்கியில் பிடித்து அடுப்பில் காட்டினாள். அவன் பெல்ட்டை ஒரு பலகைமேல் இழுத்துப் பிடித்தான்.

"எவ்வளவு தள்ளி?"

"ஒரு விரல்."

"அரை விரல் போதும்."

"அரை விரல்னா திரும்ப நாளைக்கே அவிழும்."

"அவிழ்ந்தா பார்த்துக்கலாம். அரை."

"முக்கால் வெச்சுக்கோ. உனக்கும் வேண்டாம், எனக்கும் வேண்டாம்."

அவள் ஆணியை வைத்தாள். தோல் பொசுங்குகிற நாற்றம் அறையெல்லாம் பரவியது. ஓட்டை அரை விரலில்தான் விழுந்தது. ஆணியைத் தொட்டித் தண்ணீரில் போட்டுவிட்டு, பெல்ட்டை அவளே, அவன் வழக்கமாகக் கட்டுகிற இடத்துக்கு மேலே, தொப்பையின் நடுவில் சுற்றி, காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு இழுத்து, புது ஓட்டையில் மாட்டினாள். இழுத்த இழுப்பில் வயிறு மேலும் கீழுமாக ரெண்டாகப் பிதுங்கியது.

"மூச்சு முட்டுதா?"

"முட்டுது," என்றான், பாதிக் குரலில்.

"நல்லது," என்றாள் அவள். பெல்ட்டுக்கும் வயிற்றுக்கும் நடுவே ஒரு விரலை நுழைக்கப் பார்த்தாள். நுழையவில்லை. அங்கேயே கையை வைத்துக்கொண்டு நின்றாள். "இன்னும் கொஞ்ச நாளைக்கு முட்டட்டும்."